என் புகைப் பாட்டிலில் தண்ணீர்

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் வண்டி கடை வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இருசக்கர வண்டிகளுக்கான உதிரிபாகக் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் சம்பாதித்த ஞானம் அது ஒன்றுதான். வண்டி இருமும், துப்பும், கொஞ்ச தூரம் நல்லபிள்ளை மாதிரி ஓடும், மறுபடி இருமும். ஓட்டி வந்தவர் பிளக் மாற்ற வேண்டும் என்பார், கார்ப்பரேட்டர் போச்சு என்பார். நான் எதையும் விற்காமல், "மொதல்ல டேங்க்கத் தொறந்து பாருங்க" என்பேன். ஊரார் டேங்கில் இருந்த தண்ணீரையெல்லாம் கண்டுபிடித்தவன், என் சொந்தப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றியது யார் என்று தெரியாமல் முட்டாள் மாதிரி நின்றேன். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நானும் என் நண்பனும் ஒரே நாளில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர்கள். வைத்திக்குப்பம் கடற்கரையில் கரையேற்றி வைத்த படகுகளுக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தோம். அவன் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். படிக்க டவுனுக்கு வந்தான், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான், கருவடிக்குப்பத்தில் வீடு பிடித்து இங்கேயே தங்கிவிட்டான். நான் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்து அந்த மணிக்கே சலித்துப்போன கிறிஸ்தவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. அல்லது அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனதும் என் மனைவி அவனை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் "தங்கச்சி" ஆனாள், நான் "மச்சான்" ஆனேன். எனக்கு அது அப்போது பிடித்திருந்தது. கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு ஒரு அண்ணன் கிடைத்தான் என்று பெருமைகூடப் பட்டேன். அண்ணன் என்று ஆகிவிட்டவன் தங்கச்சி பக்கம்தான் நிற்பான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடையின் சரக்கு அறை மாடியில் இருக்கிறது. ஒரு நாள் பிரேக் ஷூ எடுக்க ஏறியவன் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்து, "இனி ஒரு சிகரெட் பிடிச்சாலும் இவரு அவருக்கே குழி தோண்டுறாருன்னு அர்த்தம்" என்றார். அவள் அழவில்லை. கட்டிலில் படுத்திருந்த என் கையைப் பிடித்து, "மாதா மேல சத்தியமா விட்டுடுறேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்த நேரத்தில் யார் மேல் சத்தியம் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன், அவ்வளவு பயம்.

விட முடியவில்லை. மிட்டாய் சப்பினேன், நிக்கோடின் சூயிங்கம் மென்றேன், மாலை ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அந்த நேரத்தில்தான் என் பெரியப்பா மகன் பிரான்சிலிருந்து வக்கான்ஸுக்கு, அதுதான் லீவுக்கு, வந்தான். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர்கள் குடும்பமே அங்கே போய்விட்டது, கோடை விடுமுறைக்கு மட்டும் பெட்டி பெட்டியாக வருவார்கள். அவன் பெட்டியிலிருந்து பேனா மாதிரி, சாறைச் சூடாக்கிப் புகையாக்குகிற ஒரு வேப் கருவியையும், அதற்குப் போட நிக்கோடின் கரைசலும் காபி வாசனைச் சாறும் அடங்கிய சீசாக்களையும் எடுத்து என் முன்னால் வைத்தான். "நான் இதுக்கு மாறித்தான் சிகரெட்ட விட்டேன். கொஞ்சம் கொஞ்சமா நிக்கோடினக் கொறச்சிட்டே வா, கடசில இதையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றான். அதே பெட்டியில் என் மனைவி கேட்டிருந்த லூர்து மாதா கோயில் ஊற்றுத் தண்ணீரும் இருந்தது. மாதா உருவத்திலேயே வார்த்த பிளாஸ்டிக் பாட்டில், தலையில் நீலக் கிரீடம்தான் மூடி. ஒரே பெட்டியில் இரண்டு பேருக்கும் இரண்டு மருந்து என்று சிரித்தோம்.

நம் நாட்டில் இதை விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். நான் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை, உறவுக்காரன் கொடுத்துவிட்டுப் போனான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். சாகாமல் இருப்பதற்குச் செய்கிற காரியத்தில் நியாயம் பேச எனக்குத் தெம்பில்லை.

கலக்குவதற்கு என் நண்பன்தான். அவனும் என்னோடு சேர்ந்து விடுகிறேன் என்றான், அவனுக்கும் ஒரு கருவியை என் பெரியப்பா மகன் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் நேரே கருவடிக்குப்பத்துக்குப் போய்விடுவேன். அவன் கையில் உறை மாட்டிக்கொண்டு, ஊசி போடும் சிரிஞ்சால் நிக்கோடினை அளந்து, கிளிசரினில் விட்டு, காபிச் சாறைச் சேர்த்துக் குலுக்குவான். கிளிசரின் தேன் மாதிரிக் கெட்டி. கருவிக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது, அதைக் காயில் என்பார்கள், அதைச் சுற்றிப் பஞ்சு. கெட்டியான சரக்கு அந்தப் பஞ்சில் ஊறாது. ஊறாமல் இழுத்தால் பஞ்சு கருகித் தொண்டை எரியும். அதனால் ஊசி மருந்து கரைக்கிற சுத்தத் தண்ணீரைச் சில சொட்டுகள் விடுவான். "இதுக்கு மேல ஒரு சொட்டு போனாலும் சரக்கு கெட்டுடும் மச்சான்" என்பான். ஒரே ஜாடியில் கலக்கி இரண்டு பாட்டிலில் ஊற்றுவோம். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.

அது வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் நிக்கோடினைக் கொஞ்சம் குறைத்தான், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் குறைத்தான். சிகரெட் வாசனை வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஒரு நாள் மாடிக்குப் போய்ச் செயின் செட் எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகுதான், நடுவில் எங்கும் நிற்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. மறுபடி ஒருமுறை சும்மாவே ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னபோது என் குரல் தழுதழுத்துவிட்டது. அவள், "சரி, அந்தக் குழலையும் எப்பத்தான் விடுவீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சிகரெட் காலத்தில் நான் தெருவுக்குப் போய்விட்டு வருவேன். இது வந்த பிறகு வீட்டுக்குள்ளேயே புகை. டிவி பார்க்கும்போது, குளிக்கப் போகும்போது, கட்டிலில் படுத்தபடி. திரைச்சீலையெல்லாம் காபி வாசனை. "சிகரெட்டாவது வெளிய போய்க் குடிச்சீங்க, இது வீட்டுக்குள்ளயே ரயில் ஓட்டுறீங்க" என்பாள். நான் சிரிப்பேன். மெல்ல மெல்லக் குறைகிறது, நீயே பார்க்கிறாயே என்பேன். ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கருவி இரும ஆரம்பித்தது.

இழுத்தால் உள்ளே களக் களக் என்று தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். புகை மெலிந்து போனது. ஊதினால் காற்றில் நிற்காமல் உடனே கரைந்தது. தொண்டையில் பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை. திடீரென்று சூடான துளி தெறித்து நாக்கைச் சுட்டது. பட் பட் என்று கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. காயிலைக் கழற்றிப் பார்த்தேன். கம்பியில் வெள்ளையாகப் பொருக்கு, ஓரத்தில் பச்சை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சொன்னால், காசு மிச்சம் என்று போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களின் பேட்டரி முனை இப்படித்தான் பூத்திருக்கும். இது உப்புத் தண்ணீர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தெளிந்த தேன் நிறத்தில் இருக்க வேண்டிய சரக்கு சோறு வடித்த கஞ்சி மாதிரி மங்கி இருந்தது.

தண்ணீர் கலந்தால் நிக்கோடின் நீர்த்துப்போகும். நீர்த்ததை நான் இன்னும் அதிகமாக இழுத்தேன். இழுக்க இழுக்கப் பசி தீராமல், கடைத்தெருவில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் பக்கத்தில் போய் நின்றேன். என்னை விட்டுப் போன பேய் தெருமுனையில் நின்று கூப்பிடுவது எனக்குத் தெரிந்தது. எனக்கு இருந்த ஒரே பாலத்தை யாரோ உடைக்கிறார்கள் என்று தோன்றியது. யார்? கலக்குகிறவன் ஒருவன்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள் என் மனைவி. சாப்பாட்டுக்கு முன்னால் அவள் காபி கொண்டுவந்து வைக்கும்போதுதான் நான் ஆரம்பித்தேன்.

"என் பாட்டில்ல தண்ணி ஊத்துறியாடா?"

அவன் தம்ளரைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டான். "இன்னா மச்சான் சொல்ற?"

"நிக்கோடின் தீந்துட்டு வருது. அடுத்த வக்கான்ஸ் வரைக்கும் ஓட்டணும். எனக்குத் தண்ணி ஊத்திட்டு ஒனக்கு நல்ல சரக்க வச்சிக்கிற. காயில்ல உப்புப் பூத்திருக்கு. உங்க வீட்டு போர்த் தண்ணிதான?"

அவன் சட்டைப்பையிலிருந்து தன் கருவியை எடுத்து நீட்டினான். "ஒரே ஜாடில கலக்குனது. இழுத்துப் பாரு."

இழுத்தேன். அருமையாக இருந்தது. கெட்டியான புகை, தொண்டையில் சரியான பிடி, காபி வாசனை. ஒரே ஜாடியிலிருந்து வந்தது அவனிடம் நன்றாக இருக்கிறது என்றால், கெட்டது என் வீட்டுக்கு வந்த பிறகுதான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். கோபத்தில் இருப்பவனுக்கு அந்த ஒரு நிமிஷம்தானே கிடைப்பதில்லை. நான் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். "பாத்தியா? ஒன்னோடது மட்டும் எப்படி நல்லா இருக்கு? பங்க்ல பெட்ரோல்ல கலக்குறவன் பரவால்லடா, அவன் முன்னப்பின்ன தெரியாதவனுக்குச் செய்றான்" என்றேன்.

அவன் முகம் சிறுத்துப்போனது. என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தான். அவள் காபித் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். "நான் ஊத்தல மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவள் வறுத்து வைத்த வஞ்சிர மீன் அப்படியே ஆறிக்கிடந்தது. எனக்கும் இறங்கவில்லை. அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனப் போய் இப்படிச் சொல்லிட்டீங்களே" என்றாள். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

அதன் பிறகு நானே கலக்கினேன். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கினேன், கடையில் நான் விற்கிற டிஸ்டில்ட் வாட்டரிலேயே புது பாட்டிலைத் திறந்து சில சொட்டுகள் விட்டேன். மிச்சமிருந்த நிக்கோடினை அளந்து கலந்து குலுக்கி, புதுக் காயில் மாட்டி இழுத்தேன். பிரமாதம். பார்த்தாயா, அவனேதான் என்று எனக்குள் ஒரு வெற்றி. பாட்டிலை எப்போதும் போல ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

இரண்டொரு நாள் போனது. காலையில் இழுத்தேன். களக் களக். துளி தெறித்து உதட்டைச் சுட்டது.

நான் ஃபிரிட்ஜுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அவன் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. கலக்கியது என் கை. வீட்டில் நான், அவள். வேறு ஒருவரும் இல்லை. அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் பாட்டிலைக் கொண்டுபோய் அவள் முன்னால் மேடையில் வைத்தேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு, "மாதா தண்ணிதான் ஊத்துனேன்" என்றாள். கள்ளத்தனம் பிடிபட்டவள் குரலாக இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலாக இருந்தது. "லூர்து தண்ணி. மொதல்ல ரெண்டு சொட்டுதான். அப்பறம் சனிக்கிழமை சனிக்கிழமை நவநாள் ஜெபம் முடிச்சிட்டு வந்து கொஞ்சம் கொஞ்சம்."

"லூர்து தண்ணில ஏது இவ்ளோ உப்பு?"

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பிறகு மெல்ல வெளியே வந்தது. எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். தீர்த்தம் குறையக் குறைய அதில் வீட்டுத் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொள்வார்கள். அடியில் ஒரு சொட்டு பழையது இருந்தால் போதும், மேலே ஊற்றியது எல்லாம் தீர்த்தம் ஆகிவிடும். மாதா பாட்டிலில் இருந்த லூர்து தண்ணீர் எப்போதோ தீர்ந்துபோய், கிரீடம் வரைக்கும் இருந்தது எங்கள் வீட்டு மோட்டார் தண்ணீர். கடலோரத்துப் போர்வெல். சோப்பு நுரைக்காத தண்ணீர். அதைத்தான் நான் நெஞ்சுக்குள் காய்ச்சி இழுத்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஊத்த விடுவீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். "மாதா மேல சத்தியம் பண்ணிட்டு வேற பொகைக்கு மாறிட்டீங்க. நீங்க மாதாவ ஏமாத்தலாம், நான் மாதா தண்ணிய ஊத்தக் கூடாதா? கெட்டதா செஞ்சேன்?"

கெட்டது செய்யவில்லைதான். விஷமா ஊற்றினாள்? ஆனால் எனக்கு நெஞ்சில் அடித்தது தண்ணீர் இல்லை. என் நண்பனை நான் திருடன் என்று சொன்னபோது காபித் தட்டோடு நின்றிருந்தாளே, அதுதான். ஒரு வார்த்தை போதும். "அண்ணன் இல்லங்க, நான்தான்" என்று ஒரு வார்த்தை. நான் கத்தியிருப்பேன், அவ்வளவுதான். எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். அதற்குப் பயந்து, என் வாயாலேயே என் நட்பை நான் வெட்டிப்போடுவதை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை அவளிடம் சொன்னேன். அவள், "அவரு தப்பா எடுத்துக்க மாட்டாருன்னு தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மதியம் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம். அவன் மாத்திரை அட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "அவதாண்டா ஊத்தியிருக்கா. மாதா தண்ணியாம். நான் ஒன்னப் போய்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மச்சான்" என்றான்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

"தங்கச்சி ஆரம்பத்துலயே போன் பண்ணிக் கேட்டுச்சி. அதுல ரெண்டு சொட்டு தண்ணி சேந்தா அவருக்கு ஒண்ணும் ஆவாதேன்னு. ஒண்ணும் ஆவாதும்மான்னேன். ஊத்துறதா இருந்தா இத ஊத்துன்னு கடப் பையன்கிட்ட ஊசித் தண்ணி கூடக் குடுத்தனுப்புனேன். அத ஊத்தலயா? உப்புத் தண்ணியவா ஊத்துச்சி?" அவன் உண்மையிலேயே கவலைப்பட்டான். தண்ணீரின் தரத்தைப் பற்றி.

"தெரிஞ்சும் நான் பேசினத எல்லாம் கேட்டுட்டுப் போனியா?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சி. நான் சொன்னா நீ வீட்ல சண்ட போடுவ. எங்கூட போட்டீன்னா நாலு நாள்ல சரியாயிடும்னு விட்டுட்டேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். "நல்லதுக்குத்தான மச்சான். எப்படியும் கொறையத்தான வேணும்."

இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் என்னைக் கொல்கிறது. கெட்டவர்கள் ஏமாற்றினால் திட்டிவிட்டுத் தூங்கலாம். இவர்கள் இருவரும் போனில் பேசி, எனக்கு எவ்வளவு போதும் என்று முடிவு செய்து, என் கண்முன்னால் ஒன்றும் தெரியாதவர்கள் போல நின்றார்கள். நான் படி ஏறியதைச் சொல்லிக் குரல் தழுதழுத்த அன்றும் அவர்களுக்குத் தெரியும். நான் என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அவர்கள் ஒரு நோயாளியைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். கடையை விட்டு வெளியே வந்தேன்.

மருந்துக்கடையை ஒட்டியே பெட்டிக்கடை. ஒரு சிகரெட் கேட்டேன். லைட்டர் நூலில் தொங்கியது. பற்றவைத்து இழுத்தேன். நெஞ்சு நிறைந்தது. தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் என்னிடம் எதையும் மறைக்காதது என்று அந்த நேரத்தில் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தோன்றியதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள், "அண்ணன் போன் பண்ணாரு. நீங்க கோவமா வர்றீங்களாம்" என்றாள். எனக்கு முன்னால் போன் வந்து சேர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து, சுவரில் இருந்த மாதா பீடத்தில் ஓசை எழ வைத்தேன். "இந்தா, ஒன் மாதாவே வச்சிக்கட்டும்" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான் அதைக் கோபத்தில் வைத்தேன். அவள் அதைக் காணிக்கையாகப் பார்த்தாள்.

மறுநாள் பார்க்கிறேன், கருவிக்கு ஒரு சின்னத் தட்டு வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். என்னைப் பார்த்த கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதன் பிறகு நான் வீட்டில் எதையும் இழுக்கவில்லை, இழுக்க ஒன்றும் இல்லை. கடையில் பிடித்தேன். கிரீஸ் கழுவுகிற சோப்பில் கை கழுவி, கிராம்பு மென்று, சட்டையை மின்விசிறிக்குக் கீழே பிடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். பழைய படிப்பு எதுவும் மறக்கவில்லை. முன்பைவிடக் கூடுதலாகவே பிடித்தேன். மாடிப்படி மறுபடி பாதியில் நிறுத்தியது. சொல்ல நினைத்த நாட்களும் உண்டு. மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். இப்போது நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. பூசைக்கு நல்ல சட்டை எடுத்து வைத்து, "இன்னிக்குக் கண்டிப்பா வரணும்" என்றாள். போனேன். பூசை தொடங்குமுன், யார் யாருக்காக அன்றைய பூசை என்ற கருத்துகளை வாசித்தார் சாமியார். இறந்தவர்கள், பிறந்தநாள்காரர்கள், அதற்குப் பிறகு, "கணவர் புகைப் பழக்கத்திலிருந்து முழு விடுதலை பெற மாதா செய்த உதவிக்கு நன்றியாக" என்றார். பெயர் வாசிக்கவில்லை. தேவையும் இல்லை, முன் பெஞ்சிலிருந்து திரும்பிய தலைகள் எல்லாம் என்னைத்தான் பார்த்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பிடித்த அதே பிடி. அந்தக் கையில் காலையில் கடைக்குப் போய்ப் பிடித்த சிகரெட்டின் மஞ்சள் இருந்தது. அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் என் நண்பன் நிற்கிறான். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்க்கிறோம். அவன் வந்து என்னைக் கட்டிக்கொண்டான், நானும் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு ஒரு கணம் விறைத்தது. கிராம்பெல்லாம் மனைவியிடம் பலிக்கும். கூடவே இருந்து இழுத்தவனிடம் பலிக்காது. விலகி நின்று என் கண்ணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. அப்பாடா, தெரிந்துவிட்டது. இவன் ஒன்றையும் அவளிடம் மறைக்க மாட்டான். அண்ணனல்லவா.

அவள் கேக் துண்டுகளோடு தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாண்ணா, எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

அவன் கேக்கை எடுத்துக்கொண்டான். என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"மச்சானுக்கு இன்னாம்மா, நல்லா இருக்காரு. மொகமே தெளிஞ்சிடுச்சி" என்றான்.

முதல் தடவையாக அவன் என் பக்கம் நின்றான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரே நாள் அது. இன்னும் ஏதாவது சொல்வான் என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கேக்கைத் தின்றுகொண்டிருந்தான்.